மொறைக்கிற பொண்ணு

ஆதிமூலத்துக்குக் கோபம் வந்தால் தெருவே ஒதுங்கிப் போகும். மணலூர்பேட்டைப் பக்கம் குத்தகைக்குக் கரும்பு வைத்திருந்த மனுஷன். அன்றைக்குக் காலையில் மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: மறியல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டி.சி.யை வாங்கிவிடுவேன், நீ படித்துக் கிழித்தது போதும் என்று.

மகள் அம்சவள்ளி பத்தாம் வகுப்பு. ஏழாவது வரைக்கும் அவள்தான் வகுப்பில் முதல். அதற்கு மேல் என்ன கேடு வந்ததோ, மார்க்கு மளமளவென்று இறங்கியது. உயரமான பொண்ணு என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வாத்தியார் போர்டில் கணக்குப் போட்டால் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். உன் பொண்ணு என்னையே மொறைக்கிறாள் என்று அவர் ஆள் விட்டுச் சொன்னார். போதாக்குறைக்கு, சந்தையில் சொந்த அத்தை எதிரே வந்து கையை ஆட்டியும் இவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் கட்டிக்கொடுப்பதாகப் பேசி வைத்திருந்த வீடு அது. அத்தைக்காரி வாசலில் வந்து நின்று, நாலெழுத்துப் படித்த திமிர் என்று தெருவுக்கே கேட்கப் பேசிவிட்டுப் போனாள். தெரியவில்லை என்று அந்தப் பொண்ணு சொல்லத்தான் சொன்னாள். எதிரே வருகிற ஆள் எப்படித் தெரியாமல் போகும், இதில் பொய் வேறயா என்று இன்னும் ரெண்டு அடி வாங்கினதுதான் மிச்சம்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்திருந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். திருக்கோவிலூர் ரோட்டில் ஒரு மரத்தைச் சாய்த்ததில் ஆதிமூலத்தின் கோடாலியும் உண்டு. எங்கள் புள்ளைங்க படிக்கணும், ஆபீஸில் உட்காரணும் என்று தொண்டை கிழியக் கத்தினவர், வீட்டில் படிக்கிற புள்ளையை நிறுத்தப் பார்த்தார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மூணாம் நாள் மத்தியானம், வெயிலில் எல்லாரும் ஓய்ந்து கிடந்தார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஊர்ச்சனம், அந்தப் பக்கம் போலீஸ். அம்சவள்ளி தூக்குவாளியில் கூழ் எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக வந்தாள். மரத்தின் முனையில் அந்த வரப்பு ரோட்டில் ஏறும். அங்கே நின்று கண்ணை இடுக்கினாள். இடுக்கிவிட்டு நேராகப் போலீஸ் பக்கம் நடந்தாள்.

ஆதிமூலத்தின் பக்கத்தில் இருந்த வீரமுத்து, காலையில் திட்டின கோபத்தில் காட்டிக்கொடுக்கப் போகிறாளோ என்று கேட்டான். சொன்னால் வெட்கம், ஆதிமூலத்துக்கும் ஒரு நொடி அதுதான் தோன்றியது.

அவள் போலீஸுக்குப் பத்தடி தூரத்தில் போய் நின்று, "இந்தாப்பா, கூழு" என்று வாளியை நீட்டினாள். இன்னும் ரெண்டடி வைத்ததும் காக்கிச்சட்டை தெரிந்திருக்கும். அப்படியே நின்றுவிட்டாள். வாளி கீழே விழுந்து கூழெல்லாம் ரோட்டில் ஓடியது.

ஆதிமூலம் மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். மரம் வெட்டினவர்களைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ். குதித்தால் ஜெயில்தான் என்று அவருக்கும் தெரியும். பெத்த மனசு கேட்குமா?

அங்கே தங்கதுரை என்று ஓர் ஏட்டு, தடிமனான கண்ணாடி போட்டவர். பொண்ணைத் திட்டாமல் என்னவோ ரெண்டு கேள்வி கேட்டார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டிவிட்டு, ஆதிமூலம் நின்ற திக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யோவ், உம் பொண்ணுக்குக் கிட்டப்பார்வைய்யா. எட்ட இருக்கிறது ஒண்ணும் தெரியல. இத்தினி வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

ஆதிமூலம் இருபது தப்படி தூரத்திலேயே மலைத்துப் போய் நின்றார். அம்சவள்ளி திரும்பினாள். கண்ணை இடுக்காமல் பார்த்தாள்.

"எதுக்குப்பா அழுவுற?" என்றாள்.

அங்கிருந்து அவளுக்கு அது தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரால் அடக்க முடியவில்லை, ரோடு என்றும் பார்க்காமல் விசும்பி அழுதார்.

ஏட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டார். "கண்ணாடி இல்லன்னா எனக்கு ஒருத்தன் மூஞ்சியும் தெரியாது. திருப்பி மாட்டறதுக்குள்ள பொண்ணக் கூட்டிக்கினு போய்ச் சேரு" என்றார். மற்ற போலீஸ்காரர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். அம்சவள்ளிக்குத்தான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

மறியல் முடிந்து ரோட்டில் மரங்களை அகற்றியதும், முதல் பஸ்ஸில் அப்பாவும் மகளும் திருக்கோவிலூர் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட பொண்ணு வேண்டாம் என்று அத்தை வீட்டிலிருந்து சேதி வந்தது. விட்டது சனியன் என்றார் ஆதிமூலம்.

அடுத்த வாரம் கண்ணாடி கைக்கு வந்தது. கடை வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற மகளிடம், போர்டு தெரியவில்லை என்று வாத்தியாரிடமாவது சொல்லக்கூடாதா என்று கேட்டார்.

"எல்லாருக்கும் அப்பிடி மங்கலாத்தான் தெரியும்னு நெனச்சேம்பா. அதப் பாத்து எழுதுறவங்கள்லாம் ரொம்ப புத்திசாலின்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"போர்டே தெரியாம பத்தாவது வரைக்கும் வந்தவ நீ" என்றார். "இனிமே எது வரைக்கும் போவியோ, போ. நான் இருக்கேன்."