எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே தங்கை பாஞ்சாலி ஓட்டல் வைக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் தையல்நாயகி கேட்ட முதல் கேள்வி, "எத்தினி பேரு குந்தலாமாம்?" என்பதுதான்.

"நாப்பது பேராம். அத்தினியும் நாற்காலி" என்றார் புருஷன் பாண்டுரங்கன்.

அவளுக்கு வயிற்றில் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகியது போல் இருந்தது. திண்டிவனம் கடைத்தெருவில் பதினோரு வருஷமாக அவர்கள் சோற்றுக்கடை நடத்துகிறார்கள். பன்னிரண்டு பேர் உட்காரலாம், அதுவும் தரையில், பாயில். அந்தக் கடையின் பின்கட்டில்தான் பாஞ்சாலி கல்யாணமாகும்வரை பாத்திரம் தேய்த்தாள். அக்காளின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு திரிந்தவள். அவளுக்கு வாய்த்த வேங்கடேசன் ரயிலடியில் காண்டிராக்ட் எடுத்துப் பெரிய பணக்காரனாகிவிட்டான்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் பாஞ்சாலி ஆள் அனுப்பினாள். 'நீ வந்து எது எங்கே இருக்கணும்னு சொன்னாத்தான் எனக்குத் தைரியம்' என்று சொல்லியனுப்பியிருந்தாள். தையல்நாயகி காலை ரயிலில் போனாள்.

போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரும்புக்கால் வைத்த சலவைக்கல் மேஜைகள். பிரம்பு பின்னிய பர்மா தேக்கு நாற்காலிகள். சுவரில் இடுப்பளவுக்குப் பச்சை வர்ணம். கை கழுவப் பீங்கான் தொட்டி, அதற்கு மேல் திருகுகிற குழாய். ஒரு மேஜையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சித்திரை வெயிலிலும் கல் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியே அவளுக்கு எரிந்தது.

"நாற்காலி ஆடுது" என்றாள்.

"ஆடாதுங்கம்மா" என்று தச்சர் முருகையன் ஆட்டிக்காட்டினார். ஆடவில்லை.

மூலையில் வைக்கோல் சுற்றி இரண்டு நிலைக்கண்ணாடிகள் கிடந்தன. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமானை ஏலம் விட்டபோது வேங்கடேசன் எடுத்தவை. ஆள் உயரம், தங்கமுலாம் பூசிய சட்டம்.

"கல்லாவுக்குப் பின்னாடி ரெண்டையும் மாட்டலாம்னு அவரு சொல்றாரு. நீ இன்னாக்கா சொல்றே?"

தையல்நாயகி யோசித்தாள். கல்லாவுக்குப் பின்னால் மாட்டினால் நுழைகிறவன் கண்ணுக்குக் கடை இரண்டு மடங்காகத் தெரியும். எவ்வளவு அழகாக இருக்கும்! அந்த எண்ணத்தையே அவளால் பொறுக்க முடியவில்லை. சோறு போட்டுப் போட்டு அவளுக்கு ஆட்களைத் தெரியும். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு சந்தைக்கு வருகிற குடியானவன், அந்நியர் பார்க்கச் சாப்பிடக் கூசுவான். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் உருண்டை பிடிப்பான்.

"கல்லாவாண்ட வேணாம்" என்றாள். "ரெண்டு பக்கச் சுவத்துலயும் எதிரெதிரா மாட்டு. குந்தறவங்க மூஞ்சிக்கு நேரா."

"கூச்சப்பட மாட்டாங்களா?"

"பட்டிக்காட்டாளாட்டம் பேசாதே. புதுச்சேரி ஓட்டல்ல எல்லாம் அப்படித்தான்."

புதுச்சேரியில் அவள் எந்த ஓட்டலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் பாஞ்சாலி நம்பினாள். முருகையன் சுவரைக் குடைந்து முளை அடித்தார். திரும்புகிற ரயிலில் தையல்நாயகியின் மனசு லேசாக உறுத்தியது. வயிறு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

திறப்பு விழாவன்று அவள் அடுக்களைக் கதவோரம் நின்று பார்த்தாள். முதல் பந்தியில் ஓமந்தூர்ப் பக்கத்து வியாபாரி பெரியசாமி உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனவர் நிமிர்ந்தார். கை அப்படியே நின்றது. எதிர்க் கண்ணாடியில் ஒரு பெரியசாமி, அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்கும் பின்னால் வேறொருவர் என்று முடிவு தெரியாமல் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர் உருண்டையை இலையில் வைத்துவிட்டார்.

'எழுந்துடுவான்' என்று தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பெரியசாமி எழவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். அத்தனை பேரும் சரிசெய்துகொண்டார்கள். உடனே கடகடவென்று சிரித்துவிட்டார்.

"டேய், இங்க வாங்கடா! நூறு பேரு நம்மகூடப் பந்தியில குந்திக்கினு இருக்கானுங்க!"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் 'கண்ணாடி ஓட்டல்' என்று பேராகிவிட்டது. ரயில் மாறுகிறவர்கள் ஜல்தியாக ஓடிவந்து, கண்ணாடிக்கு நடுவே இடம் வேண்டும் என்று சண்டை போட்டார்கள். வேங்கடேசன் கூட்டத்துக்கு நடுவே அவளைக் காட்டி, "எல்லாம் என் சம்சாரத்தோட அக்கா யோசனைங்க!" என்று சத்தமாகச் சொன்னான். பாஞ்சாலி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். பச்சை மிளகாயை முழுசாக விழுங்கியவள் போல நின்றாள் தையல்நாயகி.

வீட்டுக்கு வந்ததும் பாண்டுரங்கன் அமைதியாகக் கேட்டார்: "ஊருக்கெல்லாம் யோசனை சொல்றியே, நம்ம கடைக்கு ஒண்ணு சொல்லணும்னு பதினோரு வருஷமா உனக்குத் தோணலையா?"

அன்றிலிருந்து யாராவது கண்ணாடி ஓட்டலைப் புகழ்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஆடி மாசத்தில் பாஞ்சாலி திண்டிவனத்துக்கே வந்து நின்றாள். பொம்பிளைகளுக்குத் தனி அறை கட்டுகிறார்களாம், அதையும் அக்காதான் ஒழுங்குபடுத்த வேண்டுமாம். "உன் கை ராசிக்கா" என்றாள்.

தையல்நாயகியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ராசியும் இல்லை, மண்ணும் இல்லை. உன் கடையில ஈ ஓட்டணும்னுதான் அப்படி மாட்டச் சொன்னேன். போதுமா?"

பாஞ்சாலியின் மூக்கு சிவந்தது. பிறகு, "நான் இங்க பாத்திரம் தேச்சிக்கினு இருந்தப்போ நீ ஒரு வைர மூக்குத்தி போட்டே" என்றாள். "அன்னிக்குக் குழம்புல ஒரு கை உப்பு அள்ளிப் போட்டது நான்தான்."

"அடிப்பாவி! இலையை மூடிட்டு எழுந்து போனாங்களே! அது நீயா?"

"ரெண்டு வாட்டி போட்டேன்."

தையல்நாயகி கையை ஓங்கினாள். ஓங்கிய கை எப்படியோ தங்கையின் தோளில் போய் விழுந்தது. இருவரும் அழுதார்களா சிரித்தார்களா என்று, கடையிலிருந்து எட்டிப் பார்த்த பாண்டுரங்கனுக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் தையல்நாயகி விழுப்புரத்துக்குப் போனாள். இந்த முறை மனசார யோசனை சொன்னாள். வாசலுக்குக் கனத்த திரை, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாப்பிட அகலமான பெஞ்சு, தூளி கட்ட உத்தரத்தில் நாலு கொக்கி. வேலை முடிந்ததும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். அறை நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. வயிற்றுக்குள் பழைய நெருப்பு மெல்லக் கண் விழித்தது.

எழுந்து நேரே முருகையனிடம் போனாள்.

"இங்க கூலி வாங்கிக்கினு எங்க போறே?"

"எங்கேயும் இல்லீங்கம்மா."

"திண்டிவனத்துக்கு வா. பன்னெண்டு நாற்காலி செய்யணும். இவங்களுதைவிட முதுகு ஒரு சாண் உசரமா இருக்கணும்."