எப்போது ஆரம்பித்தது?

பிரசவ வார்டில் பதினாறு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன். வலி முற்றுவதற்கு முன்பே மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிற குடும்பங்களுக்கு ‘ஒத்திகைக் கோஷ்டி’ என்று பேர் வைத்தவள் நான்தான். நர்சுகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

தம்பி பெண்டாட்டிக்கு ஒன்பதாம் மாதம். திங்கட்கிழமை வயிறு இறுக்குகிறது என்றாள், அழைத்துப் போனேன். சூட்டு வலி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “என்ன ஆயாம்மா, உங்க வீட்டுலயும் ஒத்திகையா?” எனக்கு மானம் போனது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். துணியில் ரத்தம். வலிக்கிறதா என்றேன், இல்லை என்றாள். வலியில்லாமல் ரத்தம் போனால் உடனே வரவும் என்று எங்கள் வார்டுச் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. அதைத் தினமும் துடைக்கிறவள் நான். ஆனாலும் அந்த நேரத்தில் தலைமை நர்ஸின் குரல்தான் காதில் கேட்டது. வலி வரட்டும், போகலாம் என்றேன்.

தம்பி விடிவதற்கு முன்பே லாரியோடு கிளம்பிவிட்டிருந்தான். அக்கா வீட்டில் இருக்கிறாளே என்ற தைரியம் அவனுக்கு.

ஒன்பது மணிக்கு மூன்றாவது துணி மாற்றினோம்.

“அண்ணி, போயிடலாமா? எனக்கென்னவோ பயமா இருக்கு.”

“இப்பப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்குத் தெரியாததா?”

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள்.

பதினொன்றரைக்குச் சமையலறை வாசலில் சுருண்டு விழுந்தாள். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபதே நிமிஷம்தான்.

டாக்டரம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது.

“எப்ப ஆரம்பிச்சது?”

“பதினொண்ணேகாலுக்கு,” என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே எழுதச் சொன்னார். பெண் குழந்தையை எடுத்துவிட்டார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தும் அவள் சாயங்காலம் போய்விட்டாள்.

நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தேன். வேறு காரணமே கிடையாது. இதை நினைத்தால் எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் தம்பி ஒரே கதையைத்தான் சொல்கிறான்: அக்கா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லையாம், குழந்தையாவது பிழைத்தது அவளால்தானாம். நான் குனிந்து குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பேன்.

நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “இவளுக்கு உன் பேரையே வச்சிடலாம்க்கா,” என்றான்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். துணி நனைந்துவிட்டது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நாளைக்குப் பேர் பதியப் போகிறோம்.