வாய்க்கு லீவு

“மாமா வந்தா மட்டும் உங்க மூக்கு ஏம்பா மேல போகுது?” என்று மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். மூக்கு மட்டும் இறங்கவில்லை.

மனைவியின் தம்பிக்கு அவர் வைத்திருந்த பெயர் அரைவேக்காடு. செருப்புக் கடை, அச்சகம், பெயிண்ட் கம்பெனி என்று எங்கேயும் அவன் நிலைத்ததில்லை. அவரோ தணிக்கை அலுவலகத்தில் பிறர் தப்புகளைத் தோண்டியெடுத்தே தலை நரைத்தவர். மனிதர்களில் வேலை தெரிந்தவர்கள் உண்டு, டார்ச் பிடிப்பவர்கள் உண்டு. வேறு வகை இல்லை என்பது அவருடைய தீர்மானம்.

அந்தச் சனிக்கிழமை மச்சினன் டார்ச் பிடித்தான். இன்ஜின் புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் ஹெட்டர் குழாய் விரிசல் விட்டு, கார் தெருவே அதிர உறுமிக்கொண்டிருந்தது. புகை உள்ளேயும் வந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து மாமியாரை அழைத்துவர வேண்டும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர். காலை மடக்கக் கூடாது. முன்சீட்டு முழுக்கச் சாய்கிற அந்தக் காரில்தான் கூட்டிவருவேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாடகை வண்டி பிடிக்கலாமே என்ற மனைவியை ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்கள் என்று சொல்லிவிட்டுப் புதுக் குழாயைத் தானே வாங்கி வந்தார்.

போர்டிகோவில் வேலையைவிடப் பேச்சுதான் அதிகம் நடந்தது. ஒவ்வொரு நட்டு கழன்றபோதும் மச்சினன் விட்ட வேலைகளில் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. டார்ச்சை நேராகப் பிடிப்பதற்கும் படிப்பு வேண்டுமோ என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே பிடித்தான். அந்தச் சீட்டில் சாய்ந்து வரப்போவது அவனைப் பெற்றவள்.

பழைய குழாய் கழன்று வந்துவிட்டது. புதியதை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்து முதல் நட்டைப் போட்டார். மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“அத்தான், அந்தத் தகடு மாதிரி ஒண்ணு...”

“வாய்க்கு லீவு குடு. கைய மட்டும் வேலைக்கு அனுப்பு.”

அவன் லீவு கொடுத்துவிட்டான். நட்டுகள் எல்லாம் இறுகின. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். கார் முன்பைவிடப் பெரிதாக அலறியது. குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்க வேண்டிய கேஸ்கெட் தகடு ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். தப்பு கண்டுபிடித்தே பழகிய மனிதருக்குத் தன்னுடையதைச் சொல்ல வாய் வரவில்லை.

“நான்தான் தகட்ட எடுத்துக் குடுக்க மறந்துட்டேன்க்கா,” என்றான் தம்பி.

“உன்ன நம்பி ஒரு தகடு குடுக்க முடியுதா?” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மறுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. திரும்பவும் கழற்றியபோது குழாய் கொதித்தது; தாங்கிப் பிடித்தவன் மச்சினன். உள்ளங்கை சிவந்துபோனது. தண்ணீர்க் குழாயில் கையைக் காட்டிவிட்டு வந்து மறுபடி டார்ச்சை எடுத்தான். இந்த முறை அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் கார் பூனைபோல முனகியது.

மறுநாள் மாமியார் சாய்ந்த சீட்டில் அலுங்காமல் வந்து சேர்ந்தார். மனைவி தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டிலில் படுத்ததும் மகனைப் பார்த்து, “உன் கையில எத குடுத்தாலும் இப்படித்தான்” என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை வாங்கப் போனான். அதைக் கேட்கையில் மருமகனுக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. அப்படி இடற வைப்பவன் ஆண்டவன்தான். நாமாகவே அவ்வளவு நல்லவர்களாக முடியாது.

மனைவி சமையலறையில் இருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே நின்றார்.

“அத்தை, மறந்தது நான். அவன் சொல்ல வந்தான். நான்தான் வாயை அடைச்சேன்.”

“சரிப்பா” என்றார் மாமியார்.

அவர் வெளியே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாத்திரையோடு வந்த மகனின் கையை அம்மா பிடித்து விரித்துப் பார்த்தார். விடவே இல்லை. ஏனென்று அவனுக்குப் புரியவில்லை.