இடப்பக்கத்துப் படம்

காலை ஏழு மணிக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டு காரின் பானெட்டை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் கைக்குத் தெரியும். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்திருந்தாள். அப்படியும் பெயின்ட் உப்புத்தாள் மாதிரி கரகரத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கருநீலம். கிட்டே வந்தால் பழைய சிலேட்டு.

ஐந்து வருஷமாக அவள் வாடகைக் கார் ஓட்டுகிறாள். முகம் தெரியாத ஒரு கம்பெனி போனுக்குள்ளிருந்து சவாரி அனுப்பும், அவள் போவாள். முந்தின நாள் அதே போனில் ஒரு கடிதம் வந்திருந்தது. வாகனத்தின் வெளித்தோற்றம் தரக்குறைவு. பெயின்ட் மங்கல். கறுப்பு ஓரங்கள் வெளிறியுள்ளன. நாளை மாலை ஆறு மணிக்குள் ஆறு கோணங்களில் புதிய படங்கள் அனுப்பவும். இரண்டு முறைக்கு மேல் அனுப்ப முடியாது. தவறினால் கணக்கு மூடப்படும்.

மூடினால் மறுபடி வரிசையில் நின்று பெயர் பதிய மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம், முன்பு வேலை பார்த்த அந்தப் பெட்டி கட்டும் கூடம்தான். குழல்விளக்குக்குக் கீழே எட்டு மணி நேரம் நின்று அட்டைப் பெட்டிகளில் லேபிள் ஒட்டவேண்டும். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்ததா இல்லையா என்பதே வெளியே வந்து தரையைப் பார்த்தால்தான் தெரியும். காரிலோ நாலு பக்கமும் ஜன்னல்.

“அங்கே மட்டும் போகமாட்டேன்” என்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சொல்லியிருந்தாள். மாமியார், “யாருடி இப்போ உன்னைப் போகச் சொன்னது? முதல்ல சாப்பிடு” என்றாள்.

இப்போது அந்த மாமியார் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு சக்கரமும் ஓடுது. பிரேக் பிடிக்குது. அப்புறம் என்னவாம் அவனுங்களுக்கு? காருக்கு மேக்கப் வேற போடணுமா?”

“போடணுமாம் அத்தை.”

“எனக்குக் கல்யாணத்துக்கே யாரும் போடலை.”

அவள் சிரித்துக்கொண்டே, பெயின்ட்டில் ஊறின அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டியை உள்ளங்கையில் பிசைந்தாள். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கட்டியை பெயின்ட்டின் மேல் அழுத்தாமல் ஓட்டினாள். முதலில் இழுத்துப் பிடித்தது. பத்துப் பன்னிரண்டு முறை போய் வந்த பிறகு சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பித்தது. கட்டியைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாக ஒரு படலம். ஐந்து வருஷத் தெருக்கள் அதில் ஒட்டியிருந்தன. அவள் அதை மடித்து உள்ளே தள்ளி, சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்தாள்.

முன்னறை ஜன்னலுக்குள் புருஷனின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தையல்காரன். கண் துணியில் இருந்தாலும் காது வெளியே இருக்கும். அவள் பாலிஷ் துடைப்பதற்கென்று வாங்கிய மைக்ரோஃபைபர் துணிகளைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் மிஷின் நின்றது.

“அந்தத் துணியை இங்கே கொடு.”

“எதுக்குங்க?”

“கொடேன்.” வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தான். “நடுவுல பஞ்சு மாதிரி இருக்கு. ஓரத்துத் தையல் நூலைப் பாரு, மீன்முள் மாதிரி. இதால துடைச்சா புதுசா கோடு விழும்.”

எட்டுத் துணிகளுக்கும் ஓரத்தை வெட்டிக் கொடுத்தான். முப்பது வருஷத் தையல் வாழ்க்கையில் போட்ட தையலைப் பிரித்து எறிந்ததற்காக ஒருத்தி நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தான்.

ஜன்னல் ரப்பர், கைப்பிடி, கறுப்பு ஓரங்கள் எல்லாவற்றுக்கும் அவள் காகித டேப் ஒட்டினாள். பாலிஷ் அவற்றில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகிவிடும், லேசில் போகாது. ஒட்டி முடித்ததும் கார் எங்கேயோ விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தது மாதிரி நின்றது.

இரண்டு சாண் நீளம், இரண்டு சாண் அகலம். அதற்கு மேல் ஒரே நேரத்தில் பாலிஷ் பூசக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். மிளகளவு நாலு பொட்டு வைத்து, பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, காய்வதற்குள் துடைக்கவேண்டும். பிறகு அடுத்த சதுரம். பத்து மணிக்கு பானெட் முடிந்தது. பதினொன்றரைக்கு வலப்பக்கம்.

அப்போதுதான் மேல்வீட்டுக்காரர் பால்கனியில் வந்து நின்றார். ஓய்வுபெற்றவர். எல்லா வேலையும் தெரிந்தவர், எதையும் செய்ய நேரமில்லாதவர்.

“ஏம்மா, எறும்பு சர்க்கரை தூக்குற மாதிரி இத்தனூண்டு இத்தனூண்டா பண்றியே! மொத்தமா பூசிட்டு மொத்தமா துடைச்சா ஆகாதா?”

“ஆகாது சார்.”

“கூரையையாவது அப்படிப் பண்ணு. கூரையை யார் பார்க்கப் போறாங்க?”

தோள் கடுத்தது. மணி பார்த்தாள். அந்த ஒரு கணம் அவளுடைய சட்டம் தளர்ந்தது. கூரை முழுக்க மளமளவென்று பூசினாள். வலப்பக்கத்து மதில் சுவரின் நிழல் சுருங்கி வந்ததை அவள் கவனிக்கவில்லை. பாதி துடைப்பதற்குள் மீதிப் பாதியில் வெயில் ஏறி, பாலிஷ் சுண்ணாம்பு பூசின சுவராக இறுகிவிட்டது. அதன் மேலேயே புதிதாகப் பாலிஷ் வைத்து இளக்கி இளக்கி எடுக்க ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. மேல்வீட்டுக்காரர் சாப்பிட உள்ளே போயிருந்தார். அவள் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கும் நேரம் வேண்டும். போர்வை ஒன்றைக் கொண்டுவந்து சுவரிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு இடப்பக்கத்தைத் தொடங்கினாள்.

சாப்பாட்டை மாமியார் தட்டில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். “கையைக் கழுவு.”

“கழுவினா நேரம் ஆயிடும் அத்தை.”

“அப்ப வாயைத் திற.” மூன்று கவளம் ஊட்டிவிட்டு, நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டே பம்பரைப் பார்த்தாள். “இது ஏன் இப்படித் திட்டுத் திட்டா இருக்கு? போன மாசம் நான் பளபளன்னு ஆக்கி வெச்சேனே.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். “எதை வெச்சு?”

“சமையல் எண்ணெய்தான். நாலு சொட்டு.”

கறுப்பு ஓரங்களில் தூசி ஏன் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. “அத்தை, காரை நீங்க தாளிச்சே வெச்சிருக்கீங்க.”

“எனக்கு என்னடி தெரியும்? நல்லா இருக்கட்டுமேன்னு பண்ணினேன்.” குரல் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் ஒரு பல்துலக்கியும் கேட்டு வாங்கி, பின்பம்பரை மாமியாரே தேய்க்க ஆரம்பித்தாள்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “அம்மா, அது என்னோட பிரஷ். முந்தாநாள் வாங்கினது.”

“டேய், நேத்து வரைக்கும் உன்னுது.”

இடப்பக்கம் முடிந்ததும் அவள் டேப்பை உரித்து மற்ற ஓரங்களையும் கழுவினாள். எண்ணெய் போனதும் பிளாஸ்டிக் சாம்பலாக வெளிறி நின்றது. அதற்கான கறுப்புப் பூச்சை அவள் பஞ்சில் தொட்டுத் தடவ, ஓரங்கள் ஒவ்வொன்றாக, கண்ணுக்கு மை இட்டது போல எழுந்து வந்தன. நாலரைக்கு அதுவும் முடிந்தது. மெழுகு பூசிக் கடைசித் துணியால் துடைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். கார் இப்போது ஆழமான தண்ணீரின் நிறத்தில் இருந்தது. புருஷனும் மிஷினை விட்டு எழுந்து வெளியே வந்தான்.

ஐந்து மணிக்கு ஆறு படங்களும் எடுத்து அனுப்பினாள். ஐந்து இருபதுக்குப் பதில் வந்தது. ஐந்து படங்களுக்குப் பச்சை. ஒன்றுக்குச் சிவப்பு.

இடப்பக்கம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது.

“ஆளா? யாரு ஆளு?” என்றான் புருஷன்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பளபளத்த பின்கதவில், கண்ணாடியில் தெரிவது போல, போனைத் தூக்கிப் பிடித்தபடி அவள். முன்கதவில் கழுத்தில் இஞ்ச் டேப்போடு அவன். இரண்டுக்கும் நடுவில் இடுப்பில் கைவைத்து மாமியார்.

“அட, என் சேலை மடிப்புகூடத் தெரியுதே!” மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

“அத்தை, இன்னும் ஒரு தடவைதான் அனுப்ப முடியும். நாப்பது நிமிஷம்.”

மேலே பால்கனியில் தொண்டை கனைத்தது. “அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் மண்ணைத் தூவிடும்மா. மங்கிடும். படம் எடுத்ததும் துடைச்சுக்கலாம்.”

புருஷனும் தயங்கித் தயங்கி, “சோப்புத் தண்ணியை லேசா பூசினாக்கூட...” என்றான்.

“மாட்டேன்.” அவள் கத்தவில்லை. “காலையிலேருந்து தேய்ச்சதை நானே அழுக்காக்கமாட்டேன். மங்கலா இருக்குன்னுதானே துரத்தினாங்க? இப்ப பளபளன்னு இருக்கு. இதைத்தான் அவங்க பார்க்கணும்.”

சொல்லிவிட்டுக் கதவின் முன்னால் நின்றாள். கதவுக்குள்ளிருந்த பெண்ணும் நின்றாள். நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். படம் எடுக்கிற ஆள் கட்டாயம் படத்தில் இருப்பாள். அப்படியானால் எடுக்க ஆளே இருக்கக் கூடாது.

“ஏங்க, அந்த முக்காலியைக் கொண்டாங்க. ரெண்டு செங்கல்லும்.”

முக்காலியில் செங்கல்லை நிறுத்தி அதில் போனைச் சாய்த்தாள். பத்து விநாடி கழித்துத் தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு, மூவரும் காரைச் சுற்றி ஓடி, சுவருக்கும் வலப்பக்கத்துக்கும் இடையிலிருந்த சந்தில் புகுந்து குந்தினார்கள்.

“வளையல் உரசாம அத்தை!”

“மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?”

முதல் சோதனைப் படத்தில், காருக்கு அடியில் இருந்த இடைவெளியில் அவளுடைய செருப்புக் கால்கள் இரண்டும் தெரிந்தன. இரண்டாவதில் ஆட்கள் இல்லை, ஆனால் தையல் ஜன்னலில் சட்டை மாட்டியிருந்த பொம்மை கதவில் தெரிந்தது. தலையில்லாத ஒரு மனிதன். புருஷன் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்து உள்ளே தூக்கிப் போனான். மூன்றாவதில் கதவின் மேல் விளிம்பில் வட்டமாக ஒரு தலை.

“சார், கொஞ்சம் உள்ளே போங்க.”

“நான் மாடியில இல்லம்மா இருக்கேன்?”

“மூக்குக்கண்ணாடியோட தெரியுறீங்க சார்.”

மேல்வீட்டுக்காரர் அதை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று கீழே இறங்கி வந்தார். விளக்க நேரமில்லை. அவரையும் சந்துக்குள் தள்ளினாள். மாமியாரும் அவரும் பின்சக்கரத்துக்குப் பின்னால். அவளும் புருஷனும் முன்சக்கரத்துக்குப் பின்னால், கால்களை மடக்கி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. ஐந்து நாற்பத்தாறு.

ஒன்று, இரண்டு என்று அவள் உதடு எண்ணியது. இத்தனை வருஷத்தில் இந்தக் காரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அவள் இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. தன் மூச்சு நீலத்தில் பட்டு ஒரு சின்ன மூட்டமாகி மறைவதைப் பார்த்தாள். பத்து.

படத்தில் கார் மட்டும் இருந்தது. கதவுகளில் வெறும் வீட்டுச் சுவரும், ஒரு முக்காலியும், சாய்ந்த வெயிலும். மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஐந்து நாற்பத்தொன்பது.

“அம்மாடி, என் முழங்கால் பூட்டிக்கிச்சு” என்று சந்திலிருந்து குரல் வந்தது.

அவளும் புருஷனும் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். மேல்வீட்டுக்காரர் பின்னாலிருந்து எப்படித் தூக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதி எழுந்த மாமியார் தடுமாறி, முதுகைக் காரின் மேல் சாய்க்கப் போனாள்.

“சாயாதீங்க!” மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

அதே நேரம் முக்காலியின் மேல் போன் அதிர்ந்து செங்கல்லில் கடகடத்தது.

“என்னை விடுடி. போய்ப் பாரு. நான் இப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், எங்கேயும் ஓடிடமாட்டேன்.”

அவள் சுற்றி வந்தாள். ஆறாவது படத்துக்கும் பச்சை. அதை அவள் சத்தமாகச் சொல்வதற்குள் திரை மாறியது. ஒரு சவாரி. நாலு தெரு தள்ளி, இரண்டு பேர், ரயில் நிலையம். ஏற்கவா, மறுக்கவா.

கை முழுக்க மெழுகு. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். முதல் தடவை திரை கேட்கவில்லை. இன்னொரு முறை துடைத்து, அழுத்தினாள்.

“என்ன ஆச்சு?” சுவரோரத்திலிருந்து மூன்று குரல்கள்.

“ஆச்சு அத்தை, எல்லாம் ஆச்சு!” சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள். “எல்லாரும் அப்படியே சுவரோட ஒட்டி நில்லுங்க. வண்டியை எடுக்கப் போறேன்.”