இருபத்தேழாம் வளைவில் ஒரு பழந்தின்னி

அந்த மலையில் ஒரு வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அதன் கூரையில் தொங்கும் வௌவால்தான் முடிவு செய்யும். பழந்தின்னி தொங்கினால் அடிவாரம், மலைச்சாலையின் மூன்றாம் வளைவு. லாட மூக்கு வௌவால் என்றால் நடுமலை. கம்பளி போர்த்தினாற்போல ரோமம் அடர்ந்த குட்டி வௌவால் என்றால் உச்சி, இருபத்தேழாம் வளைவு. வருஷத்துக்கு ஒருமுறை உயர அலுவலகத்துக் குப்புராஜ் வந்து கூரை கூரையாக அண்ணாந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். எழுதின உயரத்துக்கு மறுநாளே வீடு போய்விடும்.

மாதேவி உச்சிக்காரி. மதிலுக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின். பதினாறு வருஷமாகக் காலை பதினோரு மணிக்கு மாதேவி மதில்மேல் காபி வைப்பாள், ரோஸ்லின் எடுத்துக்கொள்வாள், இரண்டு பேருமாக ஊரை ஒரு அலசு அலசுவார்கள். அது இல்லாவிட்டால் மாதேவிக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் அவள் புத்தி எங்கே போயிற்றோ, அடிவாரத்திலிருந்து தம்பி அனுப்பிய வாழைத்தாரைச் சமையலறை உத்தரத்தில் கட்டிவிட்டாள். குப்புராஜ் வந்த அன்று காலை தாருக்குப் பக்கத்தில் ஒரு பழந்தின்னி தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தாள். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அது சாவகாசமாகத் திரும்பிக்கொண்டது.

"மூணாம் வளைவும்மா. சாமானைக் கட்டி வைங்க" என்றார் குப்புராஜ்.

"ரோஸ்லினை விட்டுட்டு அங்க போய் நான் யார்கிட்ட பேசுவேன்?" என்று மாதேவி அழுதேவிட்டாள்.

மதிலுக்கு அப்பாலிருந்து ரோஸ்லின் குரல் கொடுத்தாள். "அக்கா, கூடத்தையும் பார்க்கச் சொல்லுங்க."

கூடத்தில் காலண்டருக்குப் பின்னால் குட்டி வௌவால் எப்போதும்போலத் தூங்கிக்கொண்டிருந்தது. குப்புராஜ் பேனாவால் காதைச் சொறிந்தார். பிறகு கண்டதைக் கண்டபடி எழுதினார்.

மறுநாள் கூடம் உச்சியிலேயே இருந்தது. சமையலறை மட்டும் மூன்றாம் வளைவுக்குப் போயிருந்தது. அப்பாடா என்று மாதேவி முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வரும்போது வளைவுகளில் காபி தளும்பாமல் இருக்கக் கண்டக்டரும் ஒரு கை பிடித்துக்கொண்டார். சரியாகப் பதினோரு மணிக்கு டம்ளர் மதில்மேல் இருந்தது.

"ஆறிப்போச்சுக்கா" என்றாள் ரோஸ்லின்.

அடுத்த வருஷம் குப்புராஜ் வருவதற்குள் அடுப்புக்கு மேலே ஒரு லாட மூக்கைக் குடிவைத்துவிடுவதாக மாதேவி சொன்னாள். சமையலறை நடுமலைக்கு ஏறிவிட்டால் காபி பாதிச் சூட்டோடாவது வந்து சேரும். ரோஸ்லின் அதை ஒத்துக்கொண்டு, சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு ஊரை அலசத் தொடங்கினார்கள்.

வாசலில் பஸ் நின்றது. கழுவுவதற்குக் கீழே போகவேண்டிய டம்ளருக்காகக் கண்டக்டர் காத்திருந்தார்.