துடக்கில்லாத மச்சான்

ஆரணனும் நானும் யப்பானுக்குப் புறப்பட இருந்த கிழமையில் அவனுடைய பெரியப்பா ஏரம்பமூர்த்தி ரொறன்ரோவில் செத்துப்போனார். ஆரணன் அவரைக் கண்டதேயில்லை. ஆனாலும் தகப்பனின் தமையன். துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. ஆரணனின் தகப்பன், என் மாமா, செத்தவீட்டுக்குக் கனடா போய்விட்டார். ஓக்லாந்தில், ஹில்ஸ்பரோ வீட்டில், ஆரணனின் தாயான மாமி சாமியறையைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நீங்கள் போறதும் கோயில்தானே?"

"கார்ட்டூன் கோயில் எண்டு நீங்கள்தானே மாமி சொன்னியள்," என்றேன்.

அம்மாவின் சட்டம் யப்பான் சாமிக்குச் செல்லாது என்று ஆரணன் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். எனக்கு இரண்டு சாமியும் ஒன்றுதான், இரண்டையும் கும்பிடுவதில்லை. படிப்பைப் பாதியில் விட்டு, புக்கெகோஹியில் இரவு முழுக்க வெங்காயம் பொதி செய்கிறவன் நான். ஆரணனைத் தனியே விட மாமிக்கு மனமில்லை. அதனால்தான் போனேன்.

அது ஆயிரம் வருடத்துக்கும் பழைய ஷின்டோ கோயில். இப்போது அங்கே கூட்டம் வருவது அனிமே என்கிற யப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றால். அதன் முதல் காட்சியே அந்தக் கோயிலின் வாசல் வளைவு. உள்ளே விற்கும் வேண்டுதல் பலகையில் அந்தக் கதையின் நாயகியை வரைந்து, மற்ற ரசிகர்களின் பலகைகளோடு கட்டவேண்டும். ஆரணனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக மாமியின் பழைய மரக்கறி வெட்டும் பலகையில் மாதக்கணக்காக வரைந்து பழகியிருந்தான்.

வளைவுக்கு முன்னால் எல்லோரும் ஒரே கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரணன் நின்றுவிட்டான். ரயிலில் வரும்போது யப்பான் கோயில் முறைகளை வாசித்திருக்கிறான். சாவு நடந்த வீட்டுக்காரர் துக்க நாட்களில் இந்த வளைவைத் தாண்டமாட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. தாய் சொன்னபோது சிரித்தவன், யப்பான்காரன் சொன்னதும் வேர் பிடித்து நிற்கிறான். வேறு நாட்டில் இருந்த பெரியப்பா கணக்கில் வருவாரோ தெரியாது, வாசலில் யாரும் கேட்கப்போவதுமில்லை என்றேன்.

"பொய் சொல்லிக் கட்டினா அது ஜஸ்ட் மரத்துண்டு, மச்சான்."

மாமிக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு வக்கீல் மாதிரிச் சொன்னார்:

"அரசு, நீ ஆர்? என்ரை அண்ணான்ரை மகன். உனக்கென்ன துடக்கு? நீ போய்க் கட்டு."

சரிதான். துடக்கு மாமாவின் வழி. நான் மாமியின் வழி. கோயில் பக்கமே போகாத எனக்குத்தான் உள்ளே போகத் தடையில்லை.

பலகை வாங்கி வெளியே கொண்டுவந்தேன். ஆரணன் தெருவோரத் திண்டில் இருந்து வரைந்தான். அதே நாயகியைப் போல உடுத்திருந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். ஏன் வெளியே இருக்கிறாய் என்று கையால் கேட்டாள். தொடர் பார்த்துப் பழகிய யப்பான் மொழியில் பெரியப்பா செத்ததைச் சொன்னான். அவள் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். ஓக்லாந்தில் இதை விளக்கப்போனால் அரைநாள் போகும்.

வரைந்த பலகையோடு நான் உள்ளே போனபோது போன் வீடியோவில் ஆரணன் வந்தான், பிறகு மாமியும் வந்தார். போனில் பார்ப்பதற்குத் துடக்கில்லை என்று மாமி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். லொக்டவுனில் திருவிழாவையே அப்படிப் பார்த்தவர். இன்னும் மேலே, கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில் என்று ஆரணன் வழி சொன்னான்.

"செருப்பைக் கழட்டினியோ?" என்றார் மாமி.

அந்த முற்றத்தில் யாரும் கழற்றுவதில்லை. நான் கழற்றினேன். சரளைக்கல் குத்தியது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். வெங்காய மூட்டைக்குப் போடும் முடிச்சையே போட்டேன். இழுத்துப் பார்த்தேன். ஆரணன் விரும்பிய இடத்தில், ஆரணன் வரைந்த முகம்.

"இறுக்கமோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றேன். "நான் கட்டினது அவிழாது."