பின்னிருக்கையின் எடை

வெல்டரின் வீட்டோரம் நின்ற பழைய மோட்டார்சைக்கிளின் பின்னிருக்கை எந்த மழையிலும் நனைந்ததில்லை. பெட்ரோல் தொட்டி நனையும், கைப்பிடி நனையும், முன்னிருக்கையில் நீர் குளமாகத் தேங்கும். பின்னிருக்கை மட்டும், சற்றுமுன் ஒருவர் எழுந்து போன நாற்காலியைப் போல உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். தெருவார் முதலாண்டில் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். இரண்டாமாண்டில், அடைமழைக் காலத்தில் தங்கள் தீப்பெட்டிகளையும் செய்தித்தாள்களையும் அதன்மேல் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். பிறகு அதைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று. குழாயில் தண்ணீர் வராததைப் பேசித் தீர்ப்பதற்கே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

அந்த வண்டியை விலைக்குக் கேட்டு வந்தவரை ஊர்க் கடைக்காரர்கள் எடைக்கல் என்றழைத்தார்கள். கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளர் அவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர் அல்லர்; முயலைத் திருப்பிப் போட்டு எண்ணிப் பார்க்கிறவர். மணம் செய்துகொள்ளவில்லை. மறுத்தார் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருந்துவிட்டார், ஆண்டுகளும் அதற்கு உடன்பட்டுவிட்டன. மாடியறையில் தனியே இருந்தார். ஞாயிறுதோறும் தங்கை தொலைபேசியில் அழைத்துச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள். மற்ற நாள்களில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் எண் தவறி வருபவை. அவற்றையும் அவர் அவசரப்பட்டுத் துண்டிப்பதில்லை. தேடப்படும் ஆள் இங்கில்லை என்பதை இரண்டு மூன்று விதமாக விளக்கிச் சொல்வார். எதிர்முனை வைத்த பிறகும் சிறிதுநேரம் கருவியைக் காதில் வைத்திருப்பார்.

இந்த வகை மோட்டார்சைக்கிளின்மேல் அவருக்கு இளமையிலேயே ஆசை விழுந்துவிட்டது. வண்டி அகப்படவில்லை, ஆனால் அதன் அசல் உறுப்புகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. தோலால் ஆன ஒற்றை இருக்கை, பின்மட்கார்டு, அம்புக்குறி பொறித்த விளக்கு என்று அலமாரி நிறையச் சேர்த்துவிட்டார். குதிரை வருமுன் கொள்ளுப்பை தைத்த கதைதான். ஆலையில் பிறந்தபடி இருப்பதே வண்டி என்பது அவர் கொள்கை. நல்ல இரும்பை அறுத்து, நீட்டி, வளைத்து, கண்ட வண்ணத்தைப் பூசி, அதற்கு அழகு என்று பெயர் சூட்டுகிறவர்களை அவர் மன்னித்ததே இல்லை. கள்ளத் தராசு வைத்திருப்பவன்கூடப் பிழைப்புக்காகச் செய்கிறான்; இவர்கள் எதற்காகச் செய்கிறார்கள் என்று சினப்படுவார். ஆயினும் வெல்டரின் வண்டியில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று கேள்விப்பட்டதும், தோலிருக்கையை ஒரு பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே புறப்பட்டுவிட்டார்.

வந்ததும் வராததுமாக எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைக்கும்.

"தொடவே இல்ல சார்," என்றார் வெல்டர். "போன்ல அவ்வளவு தடவ சொன்னீங்களே."

எஞ்சின் சில்லென்றிருந்தது. ஆய்வாளர் துணியை விரித்து மண்டியிட்டார். எண்களைத் துடைத்துப் படித்தார், பொருந்தின. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். இரண்டாவது உதையிலேயே எஞ்சின் உயிர்பெற்றது. புகையில் நீலமும் இல்லை, கருமையும் இல்லை. பின்பக்கம் வந்தபோதுதான் அவர் முகம் சுருங்கியது. சேசிஸின் வால் அறுக்கப்பட்டு, ஒரு சாண் நீட்டப்பட்டு, அதன்மேல் இரண்டாம் இருக்கை பொருத்தப்பட்டிருந்தது. காலூன்றும் கம்பிகள், குட்டையான கால்களுக்கென அளவெடுத்தாற்போல மேலே ஏற்றப்பட்டிருந்தன.

"இத யாரு அறுத்தது?"

"நான்தான் சார். அப்ப எனக்கு ஒரு பொண்ணு நிச்சயமாகியிருந்துச்சு. அவங்க கொஞ்சம் குள்ளம். கால் எட்டணுமேன்னு…"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேற இடத்துல கொடுத்துட்டாங்க. பேரன் பேத்தி எடுத்து நல்லாத்தான் இருக்காங்க. இது அவங்க இல்ல சார்."

"எது அவங்க இல்ல?"

வெல்டர், ஏறி உட்காருமாறு வண்டியைக் காட்டினார். ஆய்வாளர் ஏறி அமர்ந்தார். பின்பக்கம் ஓர் ஆளுக்குத் தாழ்ந்தது. ஒரு மூச்சு விட்டு, இன்னோர் ஆளுக்கும் தாழ்ந்தது. இறங்கினார், இரண்டு தாழ்வும் எழுந்தன. அளவுநாடாவை எடுத்துப் பின்சக்கர அச்சுக்கும் இருக்கைக்கும் இடைவெளியை அளந்தார், மறுபடி ஏறி, வெல்டரை அளக்கச் சொன்னார்.

"ஸ்பிரிங் போயிடுச்சு," என்று தீர்ப்பளித்தார்.

"புது ஸ்பிரிங் சார் அது. மூணாவது தடவ மாத்தினது. சீட்டு ரொம்ப நாளா காலியா கிடந்துச்சு. யாரோ வந்து உக்காந்துட்டாங்க. யாருன்னு எனக்கும் தெரியாது. ஒரு தொந்தரவும் கிடையாது."

வாசற்படியில் நின்ற வெல்டரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய பின் வெல்டர் மணந்துகொண்ட பெண்மணி அவர்.

"தொந்தரவு இவருக்கு இல்ல சார், எனக்குத்தான். பஸ்ல துண்டு போட்டு இடம் புடிக்கிற மாதிரி புடிச்சு வெச்சிருக்கு. நான் ஏறப் போனா இடமே இருக்காது. கல்யாணமான நாள்லேருந்து எனக்கு நடராஜா சர்வீஸ்தான். இத வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறேன்."

"நீ சும்மா இரு. வாங்க வந்தவர்கிட்ட இதையா சொல்லுவாங்க?"

"சொல்லாம வித்தா அது பொய்யில்லையா? நீங்களே சொல்லுங்க சார்."

பொய் என்ற சொல்லுக்கு ஆய்வாளரிடம் எப்போதும் மதிப்புண்டு. ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

பிரேக்கையும் கியரையும் கவனிக்க வேண்டியவர் வேறொன்றைக் கவனித்தார். வளைவுகளில் பின்னாலிருந்த எடை, பயந்த ஆளைப் போல எதிர்ப்பக்கம் சாயாமல், வண்டியோடு இசைந்து சாய்ந்தது. பிரேக் பிடித்தால் முதுகில் இலேசாகச் சாய்ந்து, பின் விலகிக்கொண்டது. நாளெல்லாம் நாலு பேரோடு பேசுகிற வேலைதான் அவருடையது. ஆயினும் அவர் முதுகின்மேல் ஒருவர் கடைசியாகச் சாய்ந்தது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. ஊரைச் சுற்றும் சாலை முடிந்ததும் அவர் திரும்பவில்லை; இன்னொரு சுற்றுக்குப் போனார். இரயில் பாதையை நெருங்குகையில், "குலுங்கும், புடிச்சுக்குங்க," என்று தம் வாயே சொல்லக் கேட்டார். சொன்னதற்காக வெட்கப்பட்டு, உடனே வண்டியை மரக்கிடங்கின் எடைமேடைக்குத் திருப்பினார். லாரிகளை நிறுக்கும் மேடை அது.

வண்டியை மட்டும் எடைபோட்டபோது சரியான எடை காட்டியது. அவரை மட்டும் எடைபோட்டபோதும் சரி. அவர் ஏறி அமர்ந்ததும் இரண்டின் கூட்டுத்தொகைக்குமேல் ஐம்பது கிலோ கூடுதலாகக் காட்டியது.

"மிஷின்ல ஏதாவது கோளாறா சார்?" என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தார் எடைபோடுபவர். "அப்படின்னா நேத்து போன லாரிக்காரனெல்லாம் என்னத் தூக்கிப் போட்டு மிதிப்பானே."

ஆய்வாளர் இறங்கி, மேடையின் பக்கவாட்டில் தொங்கிய ஈய முத்திரையைப் பார்த்தார். அவரே இரு மாதங்களுக்குமுன் இட்டது. முத்திரை பொய்யென்றால் இத்தனை ஆண்டு உத்தியோகமும் பொய்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு," என்றார். "ரெண்டு பேர் எடைதான் அது."

திரும்பி வந்தபோது வெல்டர் இரும்பறுக்கும் கிரைண்டரை வெளியே எடுத்து, ஒயரையும் செருகி வைத்திருந்தார். பையில் இருந்த தோலிருக்கையை அவர் முன்பே கண்டுகொண்டிருந்தார்.

"உங்க எண்ணம் புரியுது சார். ஒட்டு வெச்ச இடத்துல அறுத்துட்டா அசலு. நானே அறுத்துத் தர்றேன், தனிக் கூலி வேண்டாம்."

ஆய்வாளர் பையைத் திறந்தார். ஒற்றை இருக்கை புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. இளமையிலிருந்து கனாக் கண்ட வண்டிக்கும் அவருக்கும் இடையே இனி ஒரு சாண் இரும்புதான்.

"அறுத்துட்டா," என்று இழுத்தார், "அவங்க எங்க போவாங்க?"

வெல்டர் தலையைச் சொறிந்தார். "தெரியல சார். சீட்டு இருக்காது. நடந்துதான் போகணும்."

"பாவந்தான்," என்றார் மனைவி. "ஆனா நான் இத்தன நாள் நடக்கலயா?"

ஆய்வாளர் குனிந்து பின்னிருக்கையின் அடியில் ஒட்டு வைத்த இடத்தைப் பார்த்தார். அந்த வெல்டிங் தையல் கோணலாகவே இருந்தது. எந்த ஆலையும் அதை ஏற்றிருக்காது. பின் பையின் வாயை மூடிச் சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"கிரைண்டர உள்ள வைங்க. அப்படியே எடுத்துக்கறேன்."

"ஆல்டர் பண்ண வண்டி உங்களுக்குப் புடிக்காதுன்னு போன்ல சொன்னீங்களே?"

"இப்பவும் புடிக்காது."

வெல்டரின் மனைவி உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து, யாரும் மனம் மாறுவதற்குள் அவர் கையில் வைத்துவிட்டார். அந்த மாதமே கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் போவதைத் தெரு பார்த்தது. ஆய்வாளர் சேர்த்துவைத்த அசல் உறுப்புகளெல்லாம் வேறோர் ஊரில் வேறொரு பித்தரின் வண்டியில் ஏறின.

வாங்கிய அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஆய்வாளர் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்க நின்றார். காற்றடிப்பவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, நிமிர்ந்து பாராமல், வருகிற எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"சிங்கிளா சார், டபுள்ஸா?"

அலுவலக ஸ்கூட்டர் வைத்திருந்த காலமெல்லாம் அக்கேள்விக்கு அவர் சொல்லிவந்தது ஒரே விடை. சிங்கிள் என்று சொல்லத்தான் இப்போதும் நாக்கு எழுந்தது. முதுகுப்பக்கம் ஒரு கணம் பார்த்தார்.

"டபுள்ஸ்."

காற்றடிப்பவர் பின்சக்கரத்தில் இருவருக்குரிய காற்றை அடித்து, மூடியைத் திருகிவிட்டு, அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.